கொற்கை: கடல் விலகிய ஊரும் விலகாத பெயரும்

1. முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி ஆற்றின் வடபுறம், ஏரலுக்குக் கிழக்கே, நெல்வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இடையே அமைந்துள்ள சிற்றூர் கொற்கை. ஊரில் ஒரு குளம், பழமையானதெனப் போற்றப்படும் ஒரு வன்னி மரம், வெற்றிவேல் அம்மன் கோயில், சில நூறு வீடுகள் ஆகியவை உள்ளன. கடலைக் காண வேண்டுமாயின் கிழக்கே ஏறத்தாழ 6 அல்லது 7 கி.மீ. செல்ல வேண்டும். ஆயினும் தமிழின் மிகப் பழைய பாடல்கள் கொற்கையைக் கடற்றுறையாகவே பேசுகின்றன. கிரேக்க மொழியில் எழுதிய கடலோடிகளும் நிலநூலாரும் அதனை முத்துக்குளிக்கும் துறையாகவும் வணிகத்தலமாகவும் அறிந்திருந்தனர்.

பாண்டியரின் பெருமையைக் கூறும் நூல்கள் பலவற்றில் கொற்கை இடம்பெற்றுள்ளது. அப்பெருமையை மீண்டும் விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நிலம் மாறிய பின்னரும் நிலைத்து நின்ற ஓர் ஊர்ப்பெயரையும் அதனைச் சூழ்ந்துள்ள ஊர்ப்பெயர்களையும் ஒருங்கே வைத்துப் படித்தால், கடற்கரையின் மாற்றத்தை மொழிச்சான்று கொண்டே ஓரளவு மீட்டெடுக்கலாம் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. அத்துடன், ஊர்ப்பெயர் எதனை நிறுவும், எதனை நிறுவாது என்னும் வரையறையும் இவ்வூரைக் கொண்டு தெளிவுபடும்.

2. நில அமைப்பு

பொதிகை மலைத்தொடரில் தோன்றும் தாமிரபரணி, இலக்கியங்களில் பொருநை எனப் பெயர் பெற்றது. மலையடியிலிருந்து பல அணைக்கட்டுகளைக் கடந்து வரும் அது, 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட திருவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிய பின் சமநிலத்தில் மெல்லப் பரவிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நீண்ட காலமாக ஆறு சுமந்து வந்த வண்டல், முகத்துவாரத்தில் படிந்து நிலத்தைக் கிழக்கு நோக்கி வளர்த்தது. கடலலையும் காற்றும் அதன் முன்னே மணல்மேடுகளைக் குவித்தன. மேடுகளுக்குப் பின்னே அடைபட்ட நீர் காயலாயிற்று. காயல் தூர்ந்து உவர்நிலமாயிற்று. உவர்நிலம் நன்னீர்ப் பாசனம் பெற்று வயலாயிற்று. கொற்கையின் இன்றைய வயல்வெளி இம்மாற்றங்களின் இறுதி நிலையாகும்.

இதனை மண்ணைத் தோண்டிக் கண்டவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அவர், கொற்கையிலும் காயலிலும் தாம் செய்த ஆய்வுகளை 1877இல் ஒரு கட்டுரையாக எழுதினார். 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றிலும் அச்செய்திகளைச் சேர்த்தார். வண்டல் மண்ணுக்குக் கீழே கடற்சிப்பிகள் கலந்த படிவு கிடைப்பதைக் கொண்டு, கடல் முன்பு இவ்வூரை ஒட்டியிருந்தது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். மொழியறிஞர் ஒருவர் சொல்லாய்வில் தொடங்கி மண்ணாய்வில் சென்று முடித்தது இத்துறையின் வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தியாகும்.

தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968-69இல் இங்கு அகழாய்வு நடத்தியது. கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், ஈமத்தாழிகளும், செங்கற் கட்டட எச்சங்களும் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் கதிரியக்கக் கரிமக் கணிப்பு கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சுட்டியது. 2021இல் ஆதிச்சநல்லூர், சிவகளை ஆகிய இடங்களோடு சேர்த்துக் கொற்கையிலும் மீண்டும் அகழாய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியில் இரும்பும் வெண்கலமும் வழங்கிய ஈமக்காடுகளும் கீழ்ப்பகுதியில் துறைமுகமும் ஒரே ஆற்றுவழியில் இணைந்திருந்தமை இவ்வாய்வுகளால் விளங்குகிறது.

3. இலக்கியத்தில் கொற்கை

சங்கப் பாடல்கள் கொற்கையைக் குறிக்கும்போது பெரும்பாலும் 'துறை' என்னும் சொல்லை உடன் சேர்க்கின்றன. முன்துறை, பெருந்துறை என்பன அவற்றில் பயிலும் தொடர்கள். அகநானூற்றின் 130ஆம் பாடலில், அலைகள் கரையில் ஒதுக்கிய முத்துகள் பாண்டியனின் தேர்க்குதிரைகளுடைய குளம்புகளில் உறுத்தி நடையைக் கெடுக்கின்றன. 350ஆம் பாடலில், சுறாக்களை விலக்கி வலம்புரிச் சங்குக்காக மூழ்கித் திரும்பும் பரதவரை, சங்குகள் முழங்க ஆரவாரத்துடன் கொற்கை எதிர்கொள்கிறது. ஐங்குறுநூற்றின் நெய்தற் பாடல்களும் நற்றிணையும் முத்துப்படும் துறையாகவே இவ்வூரை உவமைக்கு எடுக்கின்றன.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி தரும் செய்தி சற்று வேறானது. துறையின் வளத்தோடு குடியிருப்பின் அமைப்பும் அங்குப் புலப்படுகிறது. முத்தெடுப்போரும் சங்கு குளிப்போரும் வாழும் 'சேரி', கள் உண்போர் வாழும் 'பாக்கம்' என்னும் இரு சொற்கள் கொற்கையை ஒட்டி வருகின்றன. பாக்கம் என்பது கடலோரக் குடியிருப்பைக் குறிக்கும் பழஞ்சொல். ஆகவே, பாடல் எழுந்த காலத்தில் கொற்கை தனித்த ஒரு துறையாக இல்லாமல், தொழில்வழிப் பிரிந்த பல குடியிருப்புகளின் தொகுதியாக இருந்தது எனக் கொள்ள இடமுண்டு. இன்று கொற்கை, அக்கசாலை, மாறமங்கலம் எனத் தனித்தனி ஊர்களாக நிற்பவை ஒருகாலத்தில் ஒரே நகரின் பகுதிகளாக இருந்திருக்கலாம் என்னும் கருத்துக்கு இச்செய்தி துணை செய்கிறது.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில் கொற்கை முத்துத்துறை என்னும் நிலையிலிருந்து அரசிருக்கை என்னும் நிலைக்கு உயர்கிறது. மதுரையில் நெடுஞ்செழியன் மாண்டபின், கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பத்தினிக் கடவுளுக்கு ஓராயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று அது கூறுகிறது. பட்டத்துக்குரியோர் கொற்கையிலிருந்து ஆள்வது பாண்டிய மரபாக இருந்தது என ஆய்வாளர் கருதுவதற்கு இப்பகுதியும் ஒரு காரணம். இன்றைய ஊரில் அம்மனின் பெயர் 'வெற்றிவேல்' என வழங்குவது இக்கதையோடு இணைத்துப் பேசப்படுகிறது. பெயரொற்றுமை கவனிக்கத்தக்கதே, எனினும் காப்பியம் ஊர்வழக்கைப் பதிந்ததா, ஊர்வழக்கு காப்பியத்தைத் தழுவியதா என்பதைப் பெயர் மட்டுமே முடிவுசெய்யாது.

8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேடு மற்றொரு நிலையைக் காட்டுகிறது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் வேள்வியை நிறைவேற்றி வேள்விக்குடியைக் கொடையாகப் பெற்றவன் கொற்கைகிழான் நற்கொற்றன் என்று அது குறிக்கிறது. அக்கொடைநிலம் பாகனூர்க் கூற்றத்தில், வைகைப் பகுதியில் உள்ளது. இங்குக் கொற்கை என்பது துறையின் பெயராக வரவில்லை. ஒரு குடியின் உரிமைப்பெயரில் முன்னடையாக நிற்கிறது. ஊரின் பெயர் ஊரை விட்டுப் புறப்பட்டு மனிதரோடு பயணம் செய்யத் தொடங்கியதை இச்செப்பேட்டில் காண்கிறோம்.

4. அயலார் செவியில் கொற்கை

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடற்பயண நூல்', குமரிக்கு அப்பால் பாண்டிய நாட்டைச் சேர்ந்த 'கொல்கொய்' என்னும் இடத்தைக் கூறி, அங்கு முத்துக்குளித்தலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. 2ஆம் நூற்றாண்டினரான தாலமி அதனை வணிகத்தலமாகக் குறிப்பதோடு, அருகிலுள்ள வளைகுடாவையும் அப்பெயராலேயே 'கொல்கிக் வளைகுடா' என்று வழங்குகிறார். உரோமர் காலப் பாதைகளைக் காட்டும் பொயிட்டிங்கர் வரைபடத்தில் 'இந்தியரின் கொல்கிஸ்' என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர் காணப்படுகிறது.

ஒரு சிற்றூரின் பெயர் ஒரு வளைகுடாவுக்கே பெயராயிருந்தது என்பது அதன் பழைய நிலையை அளக்க உதவும் அளவுகோல். இன்று அவ்வளைகுடா மன்னாரின் பெயரால் அழைக்கப்படுகிறது. துறை தளர்ந்தபின் வளைகுடாவின் பெயர் எதிர்க்கரையிலுள்ள இலங்கை ஊருக்கு உரியதாயிற்று.

கொல்கொய்யே கொற்கை என்னும் அடையாளத்தைக் கால்டுவெல் வலியுறுத்தி நிலைநிறுத்தினார். அதற்கு அவர் கொண்ட அடிப்படை ஒலியியல் சார்ந்தது. தமிழில் நிலைமொழி ஈற்று லகரம் வல்லினம் வரும்போது றகரமாகத் திரியும். கல்+கள் 'கற்கள்' ஆவதும், பல்+பசை 'பற்பசை' ஆவதும் இவ்விதியாலேயே. அவ்வாறாயின் கொற்கையின் அடியில் 'கொல்' என்னும் வடிவம் இருக்கிறது. அதனையே கிரேக்கர் கேட்டு எழுதினர் என்பது அவர் கருத்து.

இவ்வடையாளம் இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது. ஆனால் கிரேக்க வடிவத்திலுள்ள லகரத்துக்கு எவ்வளவு சான்று வலிமை தருவது என்பது தனி வினா. கிரேக்கருக்குக் கருங்கடலின் கீழ்க்கரையில் வாழ்ந்த 'கொல்கொய்' மக்கள் நெடுங்காலமாகத் தெரிந்தவர்கள். பொன்மயிர்த் தோல் பற்றிய கதையால் புகழ்பெற்ற கொல்கிஸ் நாட்டினர். தமிழ்நாட்டுத் துறையின் பெயரை எழுதியபோது அவர்கள் அதே வடிவத்தை அப்படியே பயன்படுத்தியுள்ளனர். அறியாத பெயரை அறிந்த பெயரின் அச்சில் வார்ப்பது எல்லா மொழிகளிலும் காணப்படும் இயல்பு. மேலும், பழந்தமிழில் வல்லினத்தின் முன் வரும் றகரம் நுனியண்ணத் தடையொலியாக ஒலிக்கப்பட்டது என மொழிநூலார் கொள்வர். கிரேக்க நெடுங்கணக்கில் அவ்வொலிக்குத் தனி எழுத்து இல்லை. ஆகவே கிரேக்க லகரம், தமிழ் மூலத்தில் லகரம் ஒலித்ததைக் காட்டலாம். கேட்டவரின் மொழிப்பழக்கத்தைக் காட்டுவதாகவும் இருக்கலாம். இன்று ஆங்கில எழுத்தில் இப்பெயரை ரகரம் கொண்டு எழுதுகிறோம். ஒரே மெய்யை ஒரு காலத்தவர் லகரமாகவும் மற்றொரு காலத்தவர் ரகரமாகவும் எழுதியதே, ஒலிபெயர்ப்பு கேட்பவரின் மொழியையும் சேர்த்தே பதிவு செய்கிறது என்பதற்குப் போதிய எடுத்துக்காட்டு.

5. பெயரின் பிறப்பு

கால்டுவெல் கொற்கையைக் 'கொல்' என்னும் வினையடியும் 'கை' என்னும் பெயரும் சேர்ந்ததாகப் பிரித்து, 'கொல்லும் கை' என்பதிலிருந்து படை, பாசறை எனப் பொருள் கொண்டார். பின்வந்தோர் பலர் இதனை எடுத்தாண்டுள்ளனர். தமிழிலக்கண நோக்கில் இவ்விளக்கத்துக்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, வினைத்தொகையில் ஈற்று லகரம் இயல்பாக நிற்பதே பெருவழக்கு. கொல்களிறு, வெல்கொடி என்பனவே வழக்கு. கொற்களிறு, வெற்கொடி என்பன வழக்கில் இல்லை. வேற்றுமைப் புணர்ச்சியில் றகரத் திரிபு கட்டாயம் என்றும், அல்வழியில் அது உறழும் என்றும் நன்னூல் வேறுபடுத்துவது இதனோடு ஒத்துச் செல்கிறது. இரண்டாவது, 'கை' என்பதைத் தொழிற்பெயர் விகுதியாகக் கொண்டாலும் 'கொல்கை' என்ற வடிவமே கிடைக்கும். கற்கிறான், நிற்கிறான் எனத் திரியும் வினைகளே கற்கை, நிற்கை என்னும் தொழிற்பெயர்களைத் தருகின்றன. செல்கிறான், வெல்கிறான், கொல்கிறான் என நிற்பவை செல்கை, வெல்கை, கொல்கை என்றே அமையும்.

றகரத் திரிபு இயல்பாக நிகழ வேண்டுமாயின் முன்னிலைச் சொல் பெயராக இருத்தல் பொருத்தமானது. கொல்லனையும் கொல்லுத்தொழிலையும் குறிக்கும் 'கொல்' என்னும் பெயர்ச்சொல் பழந்தமிழில் உண்டு. புறநானூற்றில் ஆளப்படும் 'கொற்றுறை', பழமொழி நானூற்றில் வரும் 'கொற்சேரி' ஆகியவற்றில் அச்சொல் நிற்கிறது. துறையும் சேரியும் சேரும் இடத்தில் பக்கம், இடம் என்னும் பொருளுடைய 'கை' சேர்ந்து 'கொற்கை' ஆவதற்கு இலக்கணத் தடை ஏதுமில்லை. அக்கசாலை என்னும் ஊர் அருகே இருப்பதும், பொற்கொல்லரைப் பலியிட்ட கதை இவ்வூரோடு தொடர்புற்றிருப்பதும் இவ்விளக்கத்துக்கு ஈர்ப்பைக் கூட்டுகின்றன.

ஆயினும் ஈர்ப்பு சான்றாகாது. காப்பியக் கதை ஒரு காலத்தது. அக்கசாலை என்பதை ஊர்ப்பெயராகத் தரும் கல்வெட்டுகள் இடைக்காலப் பாண்டியருடையவை. கொற்கை என்னும் பெயரோ இரண்டுக்கும் முற்பட்டது. பிற்காலச் செய்திகளைக் கொண்டு முற்காலப் பெயருக்குப் பொருள் கூறும்போது கால வரிசை தலைகீழாகிவிடுகிறது. மேலும், உறையூர் 'உறந்தை' என்றும், நாகப்பட்டினம் 'நாகை' என்றும் குறுகியதுபோல, ஐகார ஈற்றுப் பெயர்கள் நீண்ட பெயரின் மரூஉவாகவும் இருக்கலாம். ஆதலால் இலக்கணம் இங்கு ஒரு விளக்கத்தைத் தளர்த்துகிறது, மற்றொன்றுக்கு இடம் தருகிறது. இதற்கு மேல் அது எதனையும் நிறுவவில்லை. சொற்பிறப்பு ஆய்வில் இவ்வளவு தெளிவு கிடைப்பதே பயனுடையது.

6. சுற்றூர்ப் பெயர்களின் சான்று

கொற்கையின் பெயர்ப்பொருள் ஐயத்துக்கு இடமானது. அதனைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்கள் பலவற்றின் பொருள் வெளிப்படையானது. அவற்றை மேற்கிலிருந்து கிழக்காகவும், பொருள்வகையாலும் வரிசைப்படுத்தினால் மூன்று அடுக்குகள் புலப்படுகின்றன.

முதலாவது, ஆட்சியையும் தொழிலையும் காட்டும் பெயர்கள். மாறமங்கலம் என்பதில் பாண்டியரின் பெயரான 'மாறன்' நிற்கிறது. அக்கசாலை என்பது நாணயம் அடிக்கும் இடத்தையும் பொன்வினை செய்யும் இடத்தையும் குறிக்கும் சொல். கௌடலியரின் அர்த்தசாத்திரத்தில் பொன் அதிகாரியின் மேற்பார்வையில் இயங்கும் பணிமனைக்கு 'அக்ஷசாலா' என்று பெயர். கூட்டொலியான க்ஷகரம் தமிழில் ககர இரட்டையாக வந்திருப்பது பிராகிருத வழக்கை ஒத்தது. நிருவாகச் சொல்லொன்று வடக்கிலிருந்து வந்து, தென்கோடியில் ஓர் ஊரின் பெயராகவே நின்றுவிட்டது. அங்குள்ள அக்கசாலை ஈசுவரமுடையார் கோயிற் கல்வெட்டுகள் கொற்கைக்கு 'மதுரோதயநல்லூர்' என்னும் பெயரைத் தருகின்றன. அரசு சூட்டிய அப்பெயர் கல்லில் மட்டுமே எஞ்சியுள்ளது; மக்கள் வாயில் கொற்கையே நிலைத்தது. ஊர்ப்பெயர் நிலைப்பதற்கு ஆணையைவிட வழக்காறே வலிமையுடையது என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாவது, நீரையும் நிலத்தையும் காட்டும் பெயர்கள். உமரிக்காடு என்பதில் உள்ள உமரி, உவர்ச்சேற்றில் மட்டுமே வளரும் ஒரு செடி. வாழை விளையும் பகுதியில் உமரியின் பெயர் நிற்பது, அந்நிலம் ஒருகாலத்தில் கடல்நீர் ஏறி இறங்கிய கழியாக இருந்ததைக் காட்டுகிறது. தென்கரையில் உள்ள ஆத்தூர், ஆற்றூர் என்பதன் பேச்சுவடிவம். றகர இரட்டை தகர இரட்டையாக மாறுவது தமிழ்ப் பேச்சுவழக்கில் பரவலாகக் காணப்படும் மாற்றம். கிழக்கே பழையகாயலும் புன்னைக்காயலும், தெற்கே காயல்பட்டினமும் 'காயல்' என்னும் சொல்லைத் தாங்கியுள்ளன. அவற்றுள் ஒன்றுக்குப் 'பழைய' என்னும் அடை சேர்ந்திருப்பது, புதியதொரு காயல் தோன்றிய பின்னரே நிகழ்ந்திருக்க முடியும். ஒப்பீட்டு அடை பெற்ற ஊர்ப்பெயர் எதுவாயினும் அது தன்னுள் காலவரிசை ஒன்றை வைத்திருக்கிறது.

மூன்றாவது, உரிமையைக் காட்டும் பெயர்கள். முக்காணி இவ்வகையினது. சேர, சோழ, பாண்டியராகிய மூன்று உடன்பிறந்தாரும் கொற்கையில் ஒன்றாக வாழ்ந்தனர் என்னும் மரபுக்கதையோடு, மூவரின் காணி என இப்பெயரைக் கால்டுவெல் இணைத்துக் காண்கிறார். ஆனால் 'முக்காணி' என்பது தமிழ்க் கணக்கில் எண்பதில் மூன்று பங்கைக் குறிக்கும் கீழ்வாய் அளவுமாகும். 'காணி' நில உரிமையையும் குறிக்கும். நிலப்பங்கீட்டில் வழங்கிய அளவுச்சொல் ஊர்ப்பெயராகி, பின்னர் அதற்கு மூவேந்தர் கதை விளக்கமாகப் புனையப்பட்டிருத்தல் இயல்பே. கணக்குச்சொல் வழக்கிழந்தபின் கதை அதன் இடத்தை நிரப்புகிறது.

7. துறையின் இடப்பெயர்ச்சி

மேற்கண்ட அடுக்குகள் துறைமுகத்தின் வரலாற்றோடு பொருந்துகின்றன. கொற்கையின் முன் நிலம் வளர்ந்து கலங்கள் வர இயலாமற்போனபின், வணிகம் கிழக்கே காயலுக்குச் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ 'காயில்' என்னும் துறையில் அரபு, பாரசீகப் பகுதிகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கலங்கள் வருவதை விரிவாகக் கூறுகிறார். அத்துறை பழையகாயல் என்பது கால்டுவெல்லின் முடிவு. காயல்பட்டினம் என்று கொள்வோரும் உளர். காயலும் தூர்ந்தபின், போர்த்துக்கீசியர் காலத்தில் ஆற்றுமுகத்தில் உள்ள புன்னைக்காயல் முதன்மை பெற்றது. அதன்பின் ஆற்று வண்டலின் பாதிப்புக் குறைந்த தூத்துக்குடிக்குத் துறை நகர்ந்தது. தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

புன்னைக்காயல் மொழியாய்வாளருக்கு மற்றொரு வகையிலும் முக்கியமானது. அங்குத் தங்கிப் பணியாற்றிய அன்றீக்கே அன்றீக்கசு 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அவ்விலக்கணம் செய்யுள் மரபை விட்டு, கடற்கரையில் கேட்ட பேச்சை நோக்கியது. கிரேக்க மாலுமிகள் ஒரு பெயரைக் கேட்டு எழுதிய அதே ஆற்றுமுகத்தில், பதினைந்து நூற்றாண்டுகள் கழித்து ஓர் அயலார் மொழியையே கேட்டு எழுதினார்.

முத்தும் துறையோடு நகர்ந்தது. கொற்கை முத்து என்று வழங்கியது பின்னர்த் தூத்துக்குடிக்குரியதாயிற்று. 1961இல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பே அப்பெருந்தொழிலின் இறுதி நிகழ்வாக அமைந்தது. ஜோ டி குரூஸ் 2009இல் தூத்துக்குடிப் பரதவர் வாழ்வை நாவலாக எழுதியபோது அதற்குக் 'கொற்கை' என்றே பெயரிட்டார். அந்நாவல் 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. துறை சென்ற வழியே பெயரின் பொருளும் சென்றுள்ளது. ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

8. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கவை

கொற்கை இடம்பெறும் பாடல்களை வேறு மொழியில் தருவோர்க்கு மேற்கூறிய செய்திகள் நேரடியாகப் பயன்படும். முதலில் 'துறை' என்னும் சொல். இறங்குமிடம், நீராடுமிடம், ஆற்றைக் கடக்குமிடம், கலம் அணையுமிடம் எனப் பல பொருள்களை அது ஒருங்கே உடையது. கொற்கையின் முன்துறை, இன்றைய பொருளில் திறந்த கடலை நோக்கிய துறைமுகமன்று. ஆறும் கழியும் கடலும் கூடும் அமைதியான நீர்விளிம்பாகவே அதனைக் கருத வேண்டும். அங்கு முத்து ஒதுங்கும் கரையில் தேரோட முடிகிறது. பரதவர் திமில்களும் அங்கேயே அணைகின்றன. 'துறைமுகம்' என்பதற்கு நேரான சொல்லை இட்டவுடன், கட்டுமானமும் கப்பல் வரிசையும் கொண்ட வேறொரு காட்சி படிப்பவர் மனத்தில் எழுந்து பாடலின் குதிரைகளை மறைத்துவிடும்.

அடுத்து 'சேரி'. தற்காலத் தமிழில் இச்சொல்லுக்கு ஏறியுள்ள இழிபொருள் மதுரைக்காஞ்சியின் காலத்தில் இல்லை. கன்னடத்தில் இதற்கு இனமான 'கேரி' தெருவையும் குடியிருப்புப் பகுதியையும் குறித்து இன்றும் இயல்பாக வழங்குகிறது. கன்னட மொழிபெயர்ப்பாளருக்கு இனச்சொல்லே போதுமானதாக இருக்க, தமிழ் உரையாசிரியர் தம் மொழியிலேயே விளக்கம் எழுத வேண்டிய நிலை உள்ளது. 'காயல்' என்பதற்கு மலையாளத்தில் அதே சொல் உண்டு. ஆனால் கடலைச் சாராத மொழிகளில் ஏரி, குளம் என்பவற்றுள் ஒன்றை இட்டு நிரப்பினால் உவர்நீரின் தன்மை மறைந்துவிடும். இத்தகைய இடங்களில் மூலச்சொல்லை நிறுத்தி ஒருமுறை விளக்கிச் செல்வது நன்று.

மூன்றாவது, பெயரை எழுதும் முறை. கிரேக்க நூல்களைத் தமிழாக்குவோர் 'கொல்கொய்' என்னும் வடிவத்தை நேரே 'கொற்கை' என மாற்றிவிடுவது உண்டு. அடையாளம் சரியானதாயினும், மூலத்தின் ஒலிவடிவம் அழிந்தால் அதனைப் பற்றிய ஆய்வுக்கும் இடமில்லாமற் போகும். மூலவடிவத்தை முதலில் தந்து, ஊரின் தமிழ்ப்பெயரை அடுத்துக் கூறுவதே முறையாகும்.

9. முடிவுரை

கடற்கரையின் மாற்றத்தை மண்ணும் சொல்லும் தனித்தனியே கூறினாலும், அவை ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் இடத்தில்தான் வரலாறு தெளிவடைகிறது. காயல், உமரி, பழைய என்னும் சொற்கள் தரும் செய்தியை வண்டலும் சிப்பிப் படிவும் உறுதி செய்கின்றன; ஆகவே அவை வலிய சான்றுகள். கொற்கை, முக்காணி என்னும் பெயர்களுக்குக் கூறப்படும் கதைகளுக்கு அத்தகைய துணை இல்லை. ஆகவே அவற்றை விளக்கங்களாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஊர்ப்பெயர்களைத் தொன்மைக்குச் சான்றாகக் காட்டும் ஆர்வம் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வேறுபாடு இன்றியமையாதது.

ஊர்ப்பெயர்கள் வரைபடங்களில் பதிவாகிவிட்டமையால் உடனடியாக அழியமாட்டா. அவற்றினும் நுண்ணிய சான்றுகளான வயல், வரப்பு, ஓடை, மேடு, மடை, திட்டு ஆகியவற்றின் பெயர்கள் உழவர், மீனவர் வாய்வழக்கில் மட்டுமே வாழ்கின்றன. நிலத்தைப் புல எண்ணால் குறிக்கும் பழக்கம் பரவுந்தோறும் அவை ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. எண்ணுக்குச் சொற்பிறப்பு இல்லை. அதிலிருந்து உமரியையோ காயலையோ மீட்க இயலாது. திருவைகுண்டத்திலிருந்து புன்னைக்காயல் வரையிலான ஆற்றுவழியில் இச்சிறுபெயர்களை ஒலிவடிவத்தோடும் இடக்குறிப்போடும் தொகுத்தல் மொழியியலார் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். அகழாய்வுக் குழிகளை இன்னும் பல ஆண்டுகள் கழித்தும் தோண்டலாம். பெயர்களைச் சொல்லும் முதியோர் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார்கள்.